முன் சக்கரம் சும்மா வரலாமா

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனபோது அதைக் கழற்றிப் பரண் மேல் போட்டுவிடலாம் என்றார் அப்பா. அத்தை விடவில்லை. அதன் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, ஒன்றில் அப்பாவின் ஈரத் துண்டையும் மற்றதில் கொத்துச் சாவியையும் மாட்டினாள். "மணிதான் காட்டலை. இதையாவது தாங்கிண்டு நிக்கட்டும். சுவத்துல சும்மா தொங்கறதுக்கு அது என்ன மாப்பிள்ளையா?" என்றாள். மாப்பிள்ளைகள் வந்தால்கூட எங்கள் வீட்டில் சும்மா தொங்க முடியாது என்பது வேறு விஷயம். என் அக்கா புருஷன் முதல் தீபாவளிக்கு வந்திருந்தபோது தேங்காய் துருவினான்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு மயிலாப்பூரில் அண்ணா வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். நான் பிறந்தது அதற்கு அப்புறம்தான். அதனால் அவள் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. நார்மடிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எல்லாருக்கும் பின்னால் சாப்பிடுவாள். அவள் உட்கார்ந்தால் கையில் திரி இருக்கும், அரிசி இருக்கும், இல்லாவிட்டால் யாருடைய தலையாவது இருக்கும். ஒரு தடவை நல்ல காய்ச்சல். அம்மா கட்டாயப்படுத்திப் படுக்கவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் படுத்தபடியே பஞ்சை எடுத்துத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். "காய்ச்சல் தானா அடிக்கறது மன்னி. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண வேண்டாம். கை ரெண்டும் சும்மாத்தானே கிடக்கு?" என்றாள். அம்மா இன்னும் கொஞ்சம் பஞ்சைக் கொண்டுவந்து வைத்தாள்.

மந்தைவெளியிலிருந்து ஒன்றுவிட்ட தாத்தா ஒருவர் தினமும் மத்தியானக் காபிக்கு வருவார். காபி வருவதற்குள் அவர் முன்னால் ஒரு தாம்பாளம் புளி வந்துவிடும். கொட்டை எடுத்து முடித்தால்தான் டம்ளர். பாவம், அவரும் பழகிவிட்டார். வீட்டில் புளி இல்லாத ஒரு நாள் வெறுமனே காபி கொடுத்தபோது, "ஏன், என் மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டார்.

மனிதர்களை விடுங்கள், பூஜை அறையில் இருந்த சாமிகளும் தப்பவில்லை. வழிவழியாக வந்து சேர்ந்த பிள்ளையார்கள் மட்டும் அங்கே நாலைந்து பேர். ஒரே சாமிக்கு இத்தனை பேர் எதற்கு என்று யோசித்து, ஆளுக்கு ஓர் இலாகா பிரித்துக் கொடுத்துவிட்டாள். வெண்கலப் பிள்ளையாருக்கு ரேஷன் அரிசி. கல் பிள்ளையாருக்குக் கிணற்றுத் தண்ணீர். மூக்கு தேய்ந்த சின்னப் பிள்ளையாருக்கு என் உத்தியோகம். ரேஷன் கடையில் அரிசி போடாத நாளில் வெண்கலப் பிள்ளையாருக்குப் பூ கிடையாது. என் உத்தியோகத்துப் பிள்ளையார் பூவே பார்த்ததில்லை.

எனக்கு உத்தியோகம் இல்லாமல் இல்லை, இருந்து போய்விட்டது. யுத்தத்தின்போது பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லையில் லாரி ஓட்டினேன். பி.ஏ. பாஸ் செய்த பிள்ளை டிரைவராகப் போனான் என்று அம்மா யாரிடமும் சொன்னதில்லை. "மிலிட்டரியில போக்குவரத்து பாக்கறான்" என்பாள். யுத்தம் முடிந்ததும் எங்களை எல்லாம் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து கூடத்து ஊஞ்சலில் படுத்தேன். அத்தையும் என்னதான் செய்வாள்? கீரை ஆயக் கொடுத்தாள், அப்பளம் இடக் கொடுத்தாள், அம்மியைக் கொத்தச் சொன்னாள். அப்புறமும் என்னிடம் மிச்சப் பொழுது இருந்தது. அதை அவளால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் காலையில் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன் கல்யாண நகைகளை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்து ஊஞ்சலில் என் தலைமாட்டில் வைத்தாள்.

"இதுவும் சும்மா கிடக்கு, நீயும் சும்மா கிடக்கே. ரெண்டையும் சேத்து ஏதாவது பண்ணுடா" என்றாள்.

பட்டாளத்துச் சாமான்களை அப்போது பல்லாவரம் பக்கம் ஒரு மைதானத்தில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு பழைய அமெரிக்க லாரியை எடுத்தேன். பச்சைப் பெயின்ட், நெற்றியில் வெள்ளை நட்சத்திரம், உள்ளே யாரோ ஒரு சிப்பாய் ஆணியால் கீறிய பெண் பிள்ளைப் படம். படத்தின் மேல் அத்தை குங்குமம் இட்டு மஞ்சள் பூசி, அதை லட்சுமி ஆக்கிவிட்டாள். லாரிக்கு வேலையும் அவளே கண்டுபிடித்தாள். மாம்பலத்தில் தெருத்தெருவாகப் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. சைதாப்பேட்டையில் அடையாற்றுப் படுகையில் மணல் கிடந்தது. "அங்கே சும்மா கிடக்கறதை இங்கே கொண்டுவந்து போடு. வீட்டுச் செலவுக்கு ஆச்சு." அவ்வளவுதான். வேண்டாம் என்றாள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சைதாப்பேட்டைக் கோர்ட்டில் வக்கீல். காசு வாங்கிக்கொண்டு பேசுகிறவர் என்பதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

முதல் நாளே அத்தை லாரியில் ஏறிக்கொண்டாள். "நகை என்னோடது, நான் பாத்துக்க வேண்டாமா?" என்றாள். அமெரிக்க வண்டி என்பதால் ஸ்டீயரிங் இடது பக்கம். நான் இடது பக்கம் உட்கார, நம்மூரில் டிரைவர் உட்காரும் வலது பக்கத்தில், நார்மடிப் புடவையும் மூடிய தலையும் கையில் துளசி மாலையுமாக அத்தை. லஸ் முனையில் ஒரு கான்ஸ்டேபிள் கை காட்டுவதை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இன்னா பாட்டி, லாரி ஓட்டிக்கினு போறே! லைசென்ஸ் கீதா?"

"எனக்கு எதுக்கு லைசென்ஸ்? ஓட்டறவன் அந்தண்டை இருக்கான், அவனைக் கேளுங்கோ."

அவர் எட்டி என்னைப் பார்த்தார். மறுபடி அத்தையைப் பார்த்தார். "அப்ப இங்க இன்னா கீது?" என்றார்.

"இங்கே நான் இருக்கேன். அது இருக்கட்டும், நீங்க இங்கே வந்து நின்னுட்டேளே, அங்கே யார் கை காட்டறா?"

கான்ஸ்டேபிள் திரும்பிப் பார்த்தார். நடு முனையில் இரண்டு ஜட்காக்களும் ஒரு மாட்டு வண்டியும் ஒன்றுக்கொன்று மூக்கை இடித்துக்கொண்டு நின்றன. தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அதன்பிறகு எங்கள் லாரி வந்தால் அந்த முனையில் மற்ற எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட்டு எங்களை முதலில் அனுப்புவார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த லாரியில் கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இருந்தது. ஆற்று மணலில் இறங்கும்போது அதை முன்னால் தள்ளினேன். இது என்ன என்று அத்தை கேட்டாள். பட்டாளத்து வண்டியின் பெருமையைச் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசை.

"சாதாரண லாரிக்குப் பின் சக்கரம் மட்டும்தான் அத்தை இழுக்கும். இந்த லீவரைப் போட்டா முன் சக்கரமும் சேந்து இழுக்கும். மணல், சேறு, மேடு, எங்கே வேணும்னாலும் ஏறும்."

அத்தை யோசித்தாள். "அப்போ மயிலாப்பூர்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்தோமே, அத்தனை நாழியும் முன் சக்கரம் என்ன பண்ணிண்டிருந்தது?"

"சும்மா உருண்டுண்டு வந்தது."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தை கழுத்தை நீட்டி, ஜன்னல் வழியாக முன் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தாள். புளி எடுக்காமல் காபி கேட்டவரைப் பார்க்கிற பார்வை.

அன்று முதல் அந்த லீவர் பின்னால் வந்ததே இல்லை. லீவர் அவள் பக்கம்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொள்வாள், இறங்கும்போதுதான் எடுப்பாள். எனக்கும் அதில் தவறு தெரியவில்லை. நான் பட்டாளத்தில் ஓட்டியதெல்லாம் சேற்றில். அங்கே அந்த லீவர் எப்போதும் போட்டபடியேதான் இருக்கும். தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் இழுக்கவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆனது இதுதான். நேர் ரோட்டில் வண்டி முனகிக்கொண்டு போயிற்று. திரும்பும்போது ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும். பனகல் பார்க்கைச் சுற்றி வரும்போது லாரி குதிரை மாதிரித் துள்ளும், அத்தை துளசி மாலையோடு சேர்ந்து துள்ளுவாள். முன் டயர்கள் கொழுக்கட்டை மாதிரி வழவழவென்று தேய்ந்தன. "வேலை செஞ்சு பழக்கமில்லை. உடம்பு வணங்க நாளாகும்" என்றாள் அத்தை.

சைதாப்பேட்டைக் கடைத்தெரு ஓரத்தில் ஒரு பாய் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். ஏதோ ஒரு ஜமீன்தாரின் மோட்டாருக்கு ஒருகாலத்தில் பிரேக் பார்த்தவர். அதைச் சொல்லாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்க மாட்டார். "ஜமீன் வண்டிய தொட்ட கை இது" என்று எங்கள் லாரியின் ஸ்டீயரிங்கை முழுதாகக் கழற்றினார். பார்த்தார், கிரீஸ் வைத்தார், மாட்டினார். லாரி அடுத்த முனையில் முன்போலவே துள்ளிற்று. அடுத்து ஸ்பிரிங் பட்டையைக் கழற்றினார். அதுவும் இல்லை. மூன்றாவது தடவை நாங்கள் போனபோது, அத்தை இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பாய் அவள் கையைப் பார்த்தார், கைக்குக் கீழே இருந்த லீவரைப் பார்த்தார்.

"அம்மா, அது எத்தினி நாளா முன்னால கீது?"

"வாங்கின நாளா."

பாய் லீவரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தார். அப்போதும் வரவில்லை. ஜாக்கியைக் கொண்டுவந்து ஒரு முன் சக்கரத்தைத் தூக்கினார். சக்கரம் தரையை விட்டதுதான் தாமதம், 'டங்' என்று ஒரு சத்தம் போட்டுத் தானாகப் பின்பக்கம் சுற்றி நின்றது. ஷெட்டில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இப்போது லீவர் ஒரு விரலில் வந்தது.

"பாத்துக்கினியா நைனா, எவ்ளோ முறுக்கிக்கினு இருந்துது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அத்தையிடம் திரும்பினார். "திரும்பறப்போ முன் சக்கரம் சுத்திக்கினு தூரமா போவுதும்மா. பின் சக்கரம் குறுக்கால வருது. ரெண்டையும் ஒண்ணா கட்டிப்புட்டா? மணல்ல, சேத்துல வழுக்கி வழுக்கிச் சரி பண்ணிக்கும். தார் ரோட்டுல எங்க வழுக்கும்? ஒண்ண ஒண்ணு முறுக்கிக்கினு மல்லுக்கு நிக்கும். இத்த ரோட்டுல போடவே கூடாது."

"எல்லாரும் சேந்து உழைச்சா சண்டை வரும்கறேளா?"

"ரோட்டுல வரும்மா."

"அப்போ ரோட்டுல முன் சக்கரம் சும்மா வரணும்."

"ஆமாம்மா. தேவைப்பட்ற எடத்துல மட்டும் இழுத்தா போதும்."

அத்தைக்கு முகம் வாடிவிட்டது. இதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் கணக்குப் போட்டாள். பிறகு, "சரி, இப்படிப் பண்ணுங்கோ. ஒருநாள் பின் சக்கரம் இழுக்கட்டும், முன் சக்கரம் ஓய்வா வரட்டும். மறுநாள் முன் சக்கரம் மட்டும் இழுக்கட்டும். முறை வெச்சுப் பண்ணிக் குடுத்துடுங்கோ" என்றாள்.

"அப்டி ஒரு வண்டிய எந்த வெள்ளக்காரனும் செய்யலம்மா" என்று பாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஷெட்டிலிருந்து வெளியே வந்து தெரு திரும்பியதும் அத்தையின் கை லீவருக்குப் போய்விட்டது. "வேண்டாம் அத்தை, பாய் சொன்னாரே" என்றேன். "அவருக்கென்ன தெரியும்? தேவைப்படற எடத்துல மட்டும் வேலை செஞ்சா போறும்னா, தேவைப்படாத எடத்துல அதுக்குச் சோறு யார் போடறது? இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு யாராவது கேப்பா. கேக்கறதுக்கு முன்னாடி செஞ்சுடணும்" என்றாள். முன் சக்கரத்தைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் ஓட்டினேன்.

ஐப்பசி பிறந்தது. மேற்கே ஏரிகள் நிரம்பி வழிகின்றன, எந்த நேரமும் ஆற்றில் வெள்ளம் இறங்கும் என்று படுகையில் மணல் அள்ளுகிறவர்கள் எல்லாம் கூடையைக் கவிழ்த்துவிட்டார்கள். நான் லாரியை லஸ் பக்கம் நிறுத்திவிட்டு ஊஞ்சலுக்குப் போகலாம் என்று இருந்தேன். அத்தை கேட்கவில்லை. மழைக்காலம் பூராவும் வண்டி நிற்கப் போகிறது, அதற்கு முன்னால் ஒரே ஒரு நடை என்று சொல்லி, கூலியைக் கூட்டிப் பேசி ஆட்களை வரவழைத்தாள். வானம் கறுத்திருந்தது. பாய் சொன்ன நாளிலிருந்து, ராத்திரி வண்டியை மண் தரையில் விட்டதும் நான் லீவரைப் பின்னால் இழுத்துவைப்பேன், காலையில் அத்தை முன்னால் தள்ளுவாள். அன்று தள்ளும்போது அது வழக்கம்போல முரண்டு பிடிக்கவில்லை, வெண்ணெயில் விரலை விட்ட மாதிரிப் போயிற்று. "பாத்தியா, இன்னிக்குத்தான் பணிஞ்சு நடக்கறது" என்று அத்தை சந்தோஷப்பட்டாள்.

மணலை ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பினோம். ஏற்றத்தில் பின் சக்கரம் சுழன்றது, மணலை வாரி இறைத்தது, அச்சு வரைக்கும் புதைந்தது. முன் சக்கரம் இரண்டும் அப்படியே நின்றன. லீவர் முன்னால்தான் இருந்தது. வேண்டிய நாளில், வேண்டிய இடத்தில், அவை இழுக்கவில்லை.

ஆற்றின் நடுவில் ஓடிய வாய்க்கால் அகலமாகிக்கொண்டே வந்தது. அத்தை இறங்கி நின்று தண்ணீரைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். அவளுடைய நகை எல்லாம் அங்கே பச்சைப் பெயின்ட் அடித்து நின்றது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "இது போயிடுத்துன்னா நான் எந்த முகத்தோட அண்ணா ஆத்துக்குப் போவேன்டா?" என்றாள். அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

மணல் அள்ளும் ஆட்களில் ஒரு பெண் பிள்ளை பாயைக் கூட்டிவர ஓடினாள். போகிற வழியில் கோர்ட்டிலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மற்றவர்கள் ஏற்றிய மணலைத் திரும்ப இறக்கினார்கள். அத்தையும் ஒரு கூடையை எடுத்தாள்.

பாய் வந்ததும் லுங்கியை மடித்துக்கட்டி லாரிக்கு அடியில் போனார். இடுப்பிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்து, சுண்ணாம்பைத் தொட்டு, முன் சக்கரத்துக்குப் போகிற நீள ஷாஃப்டின் மேல் ஒரு கோடு போட்டார்.

"அம்மா, இங்க வந்து குனிஞ்சி இந்தக் கோட்டையே பாத்துக்கினு இருங்க. நைனா, நீ ஏறி வண்டிய மெதுவா எடு. சுண்ணாம்பு சுத்துதா இல்லியான்னு சொல்லுங்கம்மா."

வேலை கிடைத்ததும் அத்தைக்கு உயிர் வந்தது. ஈர மணலில் நார்மடிப் புடவையோடு முட்டி போட்டு, கன்னம் தரையில் படக் குனிந்தாள். நான் கிளச்சை விட்டேன். பின் சக்கரம் சேற்றைக் கீழே நின்ற எல்லார் மேலும் அடித்தது.

"சுத்தலை!" என்று அத்தை கத்தினாள். "கோடு போட்ட எடத்துலயே நிக்கறது!"

"அப்ப சக்கரத்து மேல தப்பு இல்ல. சக்கரம் வரைக்கும் இழுப்பே வந்து சேரல. தப்பு மேல கீது" என்றார் பாய். லீவரிலிருந்து கீழே போகும் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நின்றார். "இந்தா. லிவரையும் கம்பியையும் சேக்கிற பின்னு ஒடிஞ்சி பூட்சு. லிவர் மட்டும் முன்னால போவுது, உள்ள ஒண்ணுமே நகரல." தலையை வெளியே நீட்டி அத்தையைப் பார்த்தார். "இழுக்கட்டும் இழுக்கட்டும்னு அமுக்கிக்கினே இருந்தீங்கல்லம்மா. அதான் ஒடிஞ்சிது."

அத்தை முன் சக்கரத்தின் மேல் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பின் கதவிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றி, ஒடிந்த பின்னின் ஓட்டையில் அடித்து இறுக்கினார் பாய். மறுபடி வண்டியை எடுத்தேன். இப்போது சுண்ணாம்புக் கோடு சுற்றியது, முன் சக்கரமும் சுற்றியது. ஆனால் கரை மேட்டில் முகம் தூக்கி நின்ற வண்டியில் முன்பக்கம் பாரமே இல்லை. சக்கரம் ஈர மணலைப் பிடிக்காமல் வழுக்கியது. தண்ணீர் பின் சக்கரத்தைத் தொட்டுவிட்டது.

"தெம்பு உள்ளவன்லாம் பின்னால தள்ளு!" என்று பாய் கத்தினார். அத்தை முதல் ஆளாகப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தாள். சக்கரம் வாரி அடித்த சேற்றில் அவள் முகமே தெரியவில்லை. பாய் ஓடிப்போய், "நீங்க இங்க வாணாம்மா. முன்னால பானெட்டு மேல ஏறி உக்காருங்க. முன்னால கனம் வேணும்" என்றார்.

"அங்கே உக்காந்துண்டு என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வாணாம். உக்காந்தா போதும்."

"எல்லாரும் தள்றா, நான் மட்டும் சாமி மாதிரி மேல உக்காந்துக்கறதா? மாட்டேன். நான் தள்றேன்."

அந்தச் சமயத்தில்தான் கரை மேலிருந்து அப்பா இறங்கி வந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, கையில் செருப்பு. தங்கை வெள்ளத்தில் போய்விட்டாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்க வந்தவர், சேற்றில் நின்று லாரியைத் தள்ளிக்கொண்டிருந்த அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மேல ஏறுடீ" என்றார்.

"இது போயிடும் அண்ணா. போயிடுத்துன்னா அப்புறம் நான் உன் ஆத்துல என்னத்தைப் பண்ணிண்டு உக்காந்திருப்பேன்?"

"யாராவது உன்னைக் கேட்டாளா? இத்தனை வருஷத்துல நான் கேட்டேனா, உன் மன்னி கேட்டாளா, நீ என்ன பண்றேன்னு ஒரு வார்த்தை?"

"கேக்கலை" என்றாள் அத்தை. "கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். யாரும் கேக்காததுதான் அண்ணா எனக்குப் பயமா இருந்தது."

தண்ணீர் அப்பாவின் கணுக்காலைச் சுற்றி ஓடியது. பிறகு செருப்பைக் கீழே போட்டார். கறுப்புக் கோட்டோடு பம்பரில் கால் வைத்து, தட்டுத் தடுமாறி, பானெட்டின் ஒரு பக்கம் ஏறி உட்கார்ந்தார். கீழே குனிந்து அவளுக்குக் கையை நீட்டினார்.

"நீ இருந்தா போறும்டீ. வா."

அத்தை அவர் கையைப் பிடித்து ஏறினாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த எனக்கு, கண்ணாடிக்கு வெளியே ஒரு பக்கம் வக்கீல் கோட்டும் மறுபக்கம் நார்மடிப் புடவையும்தான் தெரிந்தன. ரோடு தெரியவில்லை. பாய் கத்திய பக்கம் திருப்பினேன், கிளச்சை விட்டேன். முன் சக்கரம் ஒரு தடவை வழுக்கியது. அடுத்ததில் மணலைக் கவ்வியது. நாலும் சேர்ந்து இழுத்தன. பின்னால் ஜனங்கள் ஓவென்று கத்த, லாரி மேட்டில் ஏறிக் கரை மேல் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால், நாங்கள் நின்ற இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது.

இறங்கச் சொல்லலாம் என்று பாய் பக்கத்தில் வந்தார். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். அத்தை இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மழை ஆரம்பித்து முகத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. நான் லாரியை விட்டு இறங்கி முன்னால் வந்து பார்த்தேன். வேலை செய்யாதபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.